வாகையும் கரந்தையும்: வோங் ஃபெய் ஹுங் திரைப்பட வரிசையைத் தரப்படுத்தல்

முன்னுரை

ஒரே நாயகனைக் கொண்டு வரிசையாக வெளிவந்த திரைப்படங்களுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது எனப் பட்டியலிடுவது இரசிகர்களின் பொழுதுபோக்கு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் தரப்படுத்தல் தமிழ் மரபுக்குப் புதிய செயலன்று. கம்பனின் ஆறு காண்டங்களுள் மேம்பட்டது எது என்றும், திருக்குறள் உரைகளுள் சிறந்தது எவருடையது என்றும் பல தலைமுறைகளாக வாதிட்டு வந்தவர்கள் நாம். அவ்வாதங்களில் நிலைத்த பயன் தந்தவை முடிவுகளைக் காட்டிலும் அம்முடிவுகளுக்கு வழிவகுத்த அளவுகோல்களே ஆகும். அளவுகோலை வெளிப்படையாக முன்வைக்காத பட்டியல் விருப்பத்தின் அறிவிப்பாக மட்டுமே நின்றுவிடும்.

இக்கட்டுரை, சுய் ஹார்க் தொடங்கிவைத்து 1991 முதல் 1997 வரை வெளிவந்த ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா’ என்னும் ஆறு படங்களைத் தமிழ்ப் புறத்திணை மரபிலிருந்து பெற்ற அளவுகோல் ஒன்றைக் கொண்டு தரப்படுத்த முயல்கிறது. சீனத் தற்காப்புக்கலைப் படங்களைத் தமிழியல் ஆய்விதழில் ஏன் பேச வேண்டும் என்னும் வினா எழலாம். மலேசியத் தமிழர்க்கு இப்படங்கள் அயலானவை அல்ல. மலாய் மொழித் துணையுரையுடன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான காண்டனியப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று தமிழ்ப்பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியப் பணியில் உள்ளது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளர்ந்த பலருக்குச் சிலம்பத்தின் சலாவரிசையை அறியும் முன்பே வோங் ஃபெய் ஹுங் ஒரு கையை முன்னீட்டி நிற்கும் நிலை அறிமுகமாகியிருந்தது. அண்டை வீட்டாரின் கலையை எவ்வாறு பார்த்தோம் என்பதை ஆராய்வது நம் கலையை எவ்வாறு பார்க்கிறோம் என்பதையும் ஆராய்வதாகும்.

ஷா ஆலமில் நாம் நடத்திய புறப்பொருள் வகுப்பொன்றில், இவ்வரிசையில் சிறந்த படம் எது என மாணவர்களிடம் ஒருமுறை வினவினோம். ஏறத்தாழ அனைவரும் இரண்டாம் படத்தையே குறிப்பிட்டனர். காரணம் கேட்டபோது, அதன் இறுதியில் நிகழும் கம்புச் சண்டையைச் சொன்னார்கள். அது தகுதியான காரணமே. ஆயினும் முதற்படத்தில் கப்பலேற்றப்படும் கூலிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவ்வகுப்பறை அமைந்திருந்த நிலம் ஒரு காலத்தில் தோட்ட நிலமாக இருந்தது. அங்கிருந்தோர் பலரின் முன்னோர் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அந்த மௌனமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

அளவுகோல்

தற்காப்புக்கலைப் படங்களைப் பொதுவாக மூன்று வகையில் மதிப்பிடுவர். சண்டைக் காட்சிகளின் திறம் ஒன்று; வசூல் மற்றொன்று; கலைமரபைப் பிறழாமல் பதிவுசெய்தல் இன்னொன்று. இவை மூன்றும் பயனுடையவையே. எனினும் வீரத்தைத் திணையும் துறையுமாகப் பகுத்தாய்ந்த மரபினர்க்கு இவை போதா.

புறத்திணை இலக்கணம் போரை அதன் நோக்கத்தால் பிரிக்கிறது. ஆற்றலை வெளிப்படுத்திப் புகழ் பெறுவதே நோக்கமாக நிகழும் போர் தும்பை. பகைவர் கவர்ந்து சென்றதை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் வெட்சியுள் அடக்கிய கரந்தையைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகவே வகுத்துள்ளது. மதிலைக் காப்பது நொச்சி. வெற்றியாகிய வாகையோ போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று. அவரவர் தம் தொழிலிலும் ஒழுக்கத்திலும் மேம்பட்டு நிற்றலையும் தொல்காப்பியம் வாகையாகவே கொள்கிறது. அதனினும் நோக்கத்தக்கது, வாகையைத் தொல்காப்பியம் பாலையின் புறமாக வைத்திருப்பதாகும். வெற்றியின் மறுபக்கத்தில் பிரிவு நிற்கிறது என்பது அதன் உட்கிடை.

மேலும், புண்பட்டோரைத் தழுவி ஆற்றுவதைத் தழிஞ்சி என்னும் துறையாக உரையாசிரியர்கள் விளக்குவர். நெடுநல்வாடையின் இறுதியில் பாண்டியன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆறுதல் கூறுவதைப் பயிற்றுவிக்காத தமிழாசிரியர் இலர். வீரத்தின் உச்சத்தை அப்புலவர் போரில் காட்டாது புண்பட்டோரின் அருகில் காட்டினார்.

இவற்றிலிருந்து மூன்று வினாக்களை அமைத்துக்கொள்கிறோம். ஒன்று, படத்தில் கலை யாருக்காகப் பயன்படுகிறது? இரண்டு, கலையின் எல்லை எது என்பதைப் படம் ஒப்புக்கொள்கிறதா? மூன்று, தோற்றவரையும் புண்பட்டவரையும் படம் எவ்வாறு நடத்துகிறது? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு படமும் தரும் விடையைக் கொண்டே தரநிலை வகுக்கப்படுகிறது. திரைக்கலைத் திறம் புறக்கணிக்கப்படவில்லை. விடை எவ்வளவு ஆற்றலுடன் சொல்லப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது அத்திறமே.

வரிசையின் முன்வரலாறு

வோங் ஃபெய் ஹுங் கற்பனைப் பாத்திரம் அல்லர். குவாங்டோங் மாநிலத்தைச் சேர்ந்த அவர் 1847இல் பிறந்து 1920களின் நடுப்பகுதியில் மறைந்தார். ஹுங் கார் என்னும் தென்சீன மரபின் ஆசானாகவும், போ சி லாம் என்னும் மருந்தகத்தை நடத்திய எலும்பு முறிவு மருத்துவராகவும் விளங்கினார். அடிக்கக் கற்பிப்பவரே அடிபட்டவர்க்கு மருந்திடும் இவ்விரட்டைத் தன்மை, குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களை அறிந்த நமக்கு எளிதில் விளங்கும்.

அவரைத் திரையில் நிலைநிறுத்தியவர் நடிகர் குவான் தாக் ஹிங். வூ பாங் இயக்கத்தில் 1949இல் தொடங்கிய அவ்வரிசை எழுபதுக்கும் மேற்பட்ட படங்களாக வளர்ந்தது. 1956ஆம் ஆண்டில் மட்டும் 25 படங்கள் வெளிவந்தன. அக்காலக் காண்டனியப் படங்களுக்குச் சிங்கப்பூர், மலாயா விநியோகத்தார் தந்த முன்பணம் பெருந்துணையாக இருந்தது. நம் நாட்டுத் திரையரங்குகளில் விற்ற நுழைவுச் சீட்டுகளும் அவ்வரிசையை வளர்த்தன என்பது கருத்தக்கது. அப்படங்களில் பணியாற்றிய லாவ் சாம், வோங்கின் மாணவரான லாம் சாய் விங்கிடம் பயின்றவர். எனவே கலைமரபின் பதிவு என்னும் அளவுகோலைக் கொண்டால், கறுப்பு வெள்ளையில் அமைந்த அப்பழைய வரிசைக்கே முதலிடம் தரவேண்டும். கம்பிகளில் தொங்கிப் பறக்கும் 1990களின் படங்கள் அதனோடு போட்டியிட இயலா. ஜெட் லீ பெய்ஜிங் வுஷு பயிற்சியில் வளர்ந்தவர். அவர் உடலில் வெளிப்படுவது ஹுங் கார் அன்று என்பதைக் கலையறிந்தோர் உடனே உணர்வர்.

ஆனால் பழைய வரிசையின் வோங், ஊரிலுள்ள தீயவரைத் திருத்தும் அறவோராகவே நின்றார். வரலாறு அவர் வாயிற்படியைக் கடந்து உள்ளே வரவில்லை. அதை உள்ளே கொண்டுவந்தது சுய் ஹார்க்கின் பணியாகும். வியட்நாமில் வளர்ந்து அமெரிக்காவில் கல்வி பயின்ற புலம்பெயர்ந்த சீனர் அவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

தரநிலை: ஆறிலிருந்து மூன்று வரை

ஆறாம் இடத்தில் நான்காம் படத்தை (1993) வைக்கிறோம். யுவென் பன் இயக்கிய இப்படத்தில் ஜெட் லீக்கு மாற்றாக வின்சென்ட் சாவ் நடித்தார். எட்டு நாட்டுப் படை பெய்ஜிங்கினுள் புகுந்த 1900ஆம் ஆண்டின் கொந்தளிப்பு இதன் பின்புலம். சிவப்பு விளக்குப் பெண்கள் இயக்கம் போன்ற அரிய வரலாற்றுப் பொருள் கிடைத்தும், அதனை வண்ண வேடிக்கையாக மட்டுமே படம் பயன்படுத்திக்கொள்கிறது. சிங்க நடனப் போட்டியில் அயல்நாட்டாரை வெல்வதே இங்குக் கலையின் பயன். இது முழுமையான தும்பை. அதிலும் மாற்றாரின் வீரத்தை மதிக்காத தும்பை. பகைவன் ஆற்றலையும் போற்றிப் பாடிய புறநானூற்று மரபினரை இப்படம் நிறைவு செய்யாது.

ஐந்தாம் இடம் ஐந்தாம் படத்துக்கு (1994) உரியது. சுய் ஹார்க் மீண்டும் இயக்கிய இப்படம் கடற்கொள்ளையரால் அல்லலுறும் தென்கடற்கரை ஊரொன்றில் நிகழ்கிறது. அரசு கைவிட்ட ஊர். ஊதியம் பெறாத காவலர். இவர்களுக்கிடையே வோங்கின் மாணவர்கள் துப்பாக்கி ஏந்துகின்றனர். இது நொச்சித்திணை. கைக்கலையின் காலம் முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு இதற்கு உண்டு. ஆயினும் அத்துணிவு விரைவில் விளையாட்டாகிவிடுகிறது. துப்பாக்கி ஏந்தியதால் ஆசானுக்கு நேர்ந்த இழப்பு யாது என்னும் வினாவைப் படம் எழுப்பவேயில்லை.

நான்காம் இடத்தில் நாம் வைப்பது ஆறாம் படமாகிய ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா அண்ட் அமெரிக்கா’ (1997). பெரும்பாலோர் இதனை வரிசையின் கடைநிலையில் வைப்பர். சாமோ ஹுங் இயக்கிய இப்படத்தில் வோங் அமெரிக்க மேற்கில் நினைவிழந்து பழங்குடியினரிடையே வாழ்கிறார். அப்பழங்குடியினரைப் படம் சித்திரிக்கும் விதம் மேலோட்டமானது. நகைச்சுவை பல இடங்களில் தாழ்ந்தது. இக்குறைகளை மறுப்பதற்கில்லை. எனினும் முதற்படம் கேட்டுவிட்டுச் சென்ற வினாவுக்கு விடைதேடிப் போன ஒரே படம் இதுவே: கப்பலேறியவர்கள் போன இடத்தில் என்ன ஆனார்கள்? செய்யாத வங்கிக் கொள்ளைக்குப் பழியேற்றுத் தூக்குமரம் வரை செல்லும் சீனத் தொழிலாளர்களை இப்படம் காட்டுகிறது. 1882இல் சீனத் தொழிலாளர் நுழைவைத் தடைசெய்து சட்டம் இயற்றிய நாட்டில் இது பொய்யான சித்திரிப்பு அன்று. தன் பெயரையே மறந்த ஆசான் தன் உடல் மறவாத அடவுகளைக் கொண்டு தன்னை மீட்டெடுக்கும் பகுதி, மொழியை இழந்தும் சடங்கை இழக்காத புலம்பெயர்ந்தோர் எவரையும் தொடக்கூடியது. இக்கருவைப் படம் செவ்வனே வளர்த்திருந்தால் இன்னும் மேலான இடம் பெற்றிருக்கும்.

மூன்றாம் இடம் மூன்றாம் படத்துக்கு (1993). களம் பெய்ஜிங். அயல்நாட்டார்க்கு நாட்டின் வலிமையைக் காட்டப் பேரரசியும் அமைச்சர் லி ஹோங்சாங்கும் சிங்க நடனப் போட்டி ஒன்றை நடத்துகின்றனர். கதை குழம்பியது, போட்டிக் காட்சிகள் நீண்டவை. ஆயினும் இரண்டு இடங்களில் இப்படம் உயர்ந்து நிற்கிறது. போட்டியில் வென்ற வோங், பரிசுப் பதக்கத்தை அமைச்சரிடமே திருப்பிவிட்டு, தம் மக்களே ஒருவரையொருவர் மிதித்துக்கொண்ட இப்போட்டியால் நாட்டுக்கு விளைந்தது என்ன என்னும் பொருள்படக் கடிந்துரைக்கிறார். நான்காம் படம் கொண்டாடிய தும்பையை மூன்றாம் படம் முன்கூட்டியே மறுத்துவிட்டது.

மற்றொன்று, குவை கீயுக் சாட் என்னும் அடியாளின் கதை. குதிரைகள் மிதித்துக் கால் நொறுங்கியவுடன் அவனைப் பணிகொண்ட தலைவன் கைவிடுகிறான். நேற்றுவரை தன்னை எதிர்த்த அவனை வோங் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுசென்று மருந்திட்டு மாணவனாக ஏற்கிறார். மறுத்து முரண்டுபிடிக்கும் அவன் மெல்ல மெல்ல இளகும் காட்சிகள் இவ்வரிசையின் மிகச் சிறந்த பகுதிகளுள் அடங்கும். தழிஞ்சித் துறைக்குத் திரையில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டின், வகுப்பறையில் இதனைக் காட்டலாம்.

இரண்டாம் படம்: கம்பும் துணியும்

திரைக்கலைத் திறம் ஒன்றையே கொண்டு தீர்ப்பளிப்பதாயின் 1992இல் வெளிவந்த இரண்டாம் படத்துக்கே முதலிடம். இதில் நாம் மாணவர்களோடு உடன்படுகிறோம். காலம் 1895, களம் குவாங்சோ. தைவானை ஜப்பானுக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கையால் மக்கள் கொதித்திருந்த வேளை. ஒருபுறம் அயலார் தொடர்புடைய அனைத்தையும் எரிக்கும் வெண்டாமரைச் சமயக் குழு. மறுபுறம் புரட்சியாளரை வேட்டையாடும் அரசு அதிகாரி. இடையில், மருத்துவ மாநாட்டில் அக்குபங்சர் பற்றி உரையாற்ற வந்த வோங். அவ்வுரையை மொழிபெயர்த்து உதவும் இளம் மருத்துவர் சுன் யாட் சென்.

சுன் யாட் சென் நம் நாட்டு வரலாற்றுக்கும் உரியவர். 1910இல் பினாங்கில் தங்கியிருந்து, மறு ஆண்டு குவாங்சோவில் வெடித்த எழுச்சிக்குத் திட்டமிட்டவர் அவர். மலாயாவின் சீனத் தொழிலாளரும் வணிகரும் தந்த பொருளுதவி அவ்வெழுச்சிக்குத் துணைநின்றது. ஆகவே இப்படத்தின் அரசியல் தொலைதூரச் சீனத்தின் செய்தி மட்டுமன்று.

யுவென் வூ பிங் அமைத்த இறுதிச் சண்டையில் டோனி யென் ஏற்ற அதிகாரிப் பாத்திரம், நனைத்து முறுக்கிய துணியைக் கம்பாக்கி வீசுகிறது. வோங்கின் கையில் மூங்கில். சிலம்பம் அறிந்தோர் இக்காட்சியைத் தனிக் கவனத்துடன் பார்ப்பர். நெடுங்கம்புக்கு இடைவெளி வேண்டும். குறுகிய சந்தில் அதன் வீச்சு அடங்கிவிடும். துணியோ வளைந்து நுழையும். வளையும் படைக்கலத்தை வளையாத கம்பு எவ்வாறு எதிர்கொள்ளும் என்பது சுருள்வாளுக்கு எதிராகக் கம்பெடுக்கும் நம் ஆசான்களும் சந்திக்கும் சிக்கலே. சுவர்களுக்கிடையே நெருக்கி அமைத்த அச்சண்டையில் மூங்கில் பிளந்து, அப்பிளவே இறுதிப் படைக்கலமாகிறது. குறையையே கருவியாக்கும் இவ்வமைப்பு வியக்கத்தக்கது.

படத்தின் கருத்தும் வலுவானது. தன் உடலை எப்படைக்கலமும் துளைக்காது என முழங்கும் சமயத் தலைவன், தான் வணங்கும் சிலையின் விரலிலேயே குத்துண்டு மடிகிறான். அயலாரை எதிர்ப்பதாகத் தொடங்கிய வெறி, அயல்மொழி கற்ற தன் இனக் குழந்தைகளையே தாக்குவதில் முடிவதைப் படம் அஞ்சாமல் காட்டுகிறது. அக்குழந்தைகளை வோங் காக்கிறார். புரட்சியாளர் பெயர்ப்பட்டியல் பகைவர் கையில் சிக்காமல் எரிக்கப்படுகிறது. நொச்சியும் கரந்தையும் இங்கு ஒருங்கே அமைகின்றன.

அவ்வாறாயின் இதற்கு ஏன் முதலிடம் இல்லை? இரண்டாவது வினாவில் இப்படம் சற்றுத் தளர்கிறது. சுன் யாட் சென் கப்பலில் செல்ல, காக்கப்பட்ட கொடி விரிகிறது. வருங்காலம் உறுதி செய்யப்பட்டுவிட்டது. தியாகத்துக்கு வரலாறு ஈடு செய்துவிட்டது. இங்கு இறப்பவர் லூ ஹோ டுங். அவரது பெயரை வரலாறு பொறித்துவைத்திருக்கிறது. பெயர் பொறிக்கப்படாதவர்களுக்கு என்ன ஈடு என்பதே முதற்படத்தின் வினா.

முதற்படம்: இரும்பாடை ஆசானின் இறப்பு

முதலிடத்தை 1991இல் வெளிவந்த முதற்படத்துக்கே வழங்குகிறோம். அதன் தொடக்கம் எளியது. கருங்கொடிப் படைத்தலைவர் லியூ யோங் ஃபூவின் கப்பலில் சிங்க நடனம் நடக்கிறது. பட்டாசு ஒலியைத் துப்பாக்கி ஒலியெனக் கருதிய பிரெஞ்சுக் கப்பலார் சுடுகின்றனர். ஆடியவர் வீழ, வோங் சிங்கத் தலையை ஏந்தி ஆட்டத்தை நிறைவு செய்கிறார். விழாவின் ஒலியும் போரின் ஒலியும் ஒன்றாகிவிட்ட காலம் என்பதை இக்காட்சி சொற்களின்றி உணர்த்திவிடுகிறது.

ஃபோஷான் நகரில் அமெரிக்கர் பொன்மலை நாட்டுக்கு ஆள் சேர்க்கின்றனர். அங்கே சென்றால் பொன் அள்ளலாம் எனக் கூவி அழைக்கின்றனர். உள்ளூர்க் கும்பலொன்று அவர்களுக்கு உடந்தையாகிப் பெண்களைக் கடத்தி விற்கிறது. பாலும் தேனும் ஓடும் நாடு என்று நம் முன்னோர்க்குச் சொன்ன கங்காணிகளின் மொழி இங்கே வேறு மொழியில் ஒலிக்கிறது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொணரும் முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோரின் பேரர்கள், இப்படத்தின் கப்பலைச் சண்டைக்கான களமாக மட்டும் பார்த்துவிட்டு எழுந்து செல்லுதல் தகுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் இப்படத்தின் உயிர் வோங்கிடம் இல்லை. ‘இரும்பாடை’ யிம் என்னும் ஆசானிடம் உள்ளது. வடக்கிலிருந்து வந்த அவர் பெருங்கலைஞர், ஆனால் வறியவர். தெருவோரத்தில் வித்தை காட்டி எறியும் காசில் உண்பவர். பயிற்சிக்கூடம் ஒன்றைத் திறக்க வேண்டும் என்பதே அவர் கனவு. அக்கனவுக்குப் பணம் வேண்டிக் கும்பலின் கூலியாகிறார். வோங்குக்குக் குடும்பப் பெயரும் மருந்தகமும் மாணவரும் உண்டு. யிம்மிடம் கலை மட்டுமே உண்டு. ஒரே கலையில் தேர்ந்த இருவரைப் பிரிப்பது அறவுணர்வு மட்டுமன்று, பொருள்நிலையும் ஆகும் எனப் படம் காட்டுகிறது. கிடங்கில் ஏணிகளின் மேல் இருவரும் பொருதும் காட்சி புகழ்பெற்றது. அக்காட்சியின் ஆற்றல் ஏணிகளில் மட்டும் இல்லை. பொருதும் இருவருமே நம் இரக்கத்துக்கு உரியவர்கள் என்பதில் உள்ளது.

பின்னர் யிம் துப்பாக்கிக் குண்டுகளால் வீழ்கிறார். எவ்வளவு பயின்றாலும் கைக்கலை துப்பாக்கியை வெல்லாது என்று அவர் வோங்கிடம் சொல்லி இறக்கிறார். வோங் கடத்தப்பட்டோரை மீட்கிறார், கரந்தை நிறைவேறுகிறது. ஆனால் வாகையின் மறுபக்கத்தில் பாலை நிற்கிறது. தம்மைப் போன்ற ஓர் ஆசானை அவரால் மீட்க இயலவில்லை. யிம்முக்குக் கொடியும் இல்லை, பட்டியலும் இல்லை. மூன்று வினாக்களுக்கும் இப்படம் ஒளிவுமறைவின்றி விடை தருகிறது.

இவ்விடத்தில் 1941ஆம் ஆண்டை நினைவுகூர்கிறோம். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கை. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். யிம் இறக்கும் காட்சி ஃபோஷானுக்கு மட்டும் உரியதென நம்மால் கருத இயலாமைக்குக் காரணம் இதுவே. ஷா ஆலமிலிருந்து கிள்ளான் சில மைல் தொலைவுதான்.

மறுப்புகள்

இத்தரநிலைக்கு மறுப்புகள் எழலாம். முதற்படத்தின் வெள்ளையர் அனைவரும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த தீயோர் என்பது உண்மை. மேலைக் கல்வியும் ஒளிப்படக் கருவியும் கொண்டு வரும் பதின்மூன்றாம் அத்தை அறிவுடைய பெண்ணாக அமைக்கப்பட்டும், கடத்தப்பட்டு மீட்கப்படுபவளாகவே முடிகிறாள். கரந்தையில் மீட்கப்படும் ஆநிரையின் இடத்தில் பெண்ணை நிறுத்தும் இப்பழக்கம் தமிழ்ப் படங்களுக்கும் உரிய குறை. இவற்றை மறைத்து முதலிடம் தரவில்லை. இவற்றோடு சேர்த்தே தருகிறோம்.

புறத்திணையைச் சீனப் படத்தின்மேல் ஏற்றுவது பொருந்துமா என்பது மற்றொரு மறுப்பு. படத்தை ஆக்கியோர் கரந்தையை அறியார். எனினும் திணை என்பது நூலாசிரியர் அறிந்து கையாண்ட உத்தி மட்டுமன்று. மனிதச் செயலை நோக்கும் முறையும் ஆகும். சங்கப் பாடலைப் பிறநாட்டுக் கோட்பாடுகளால் ஆராய்வதைத் தயக்கமின்றி ஏற்கும் நாம், பிறநாட்டுப் படைப்பை நம் கோட்பாட்டால் நோக்கத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ்த் திரையும் சிலம்பமும்

சிலம்பத்தைத் திரையில் பெருமைப்படுத்தியவர் எம்.ஜி.ஆர். என்பதில் ஐயமில்லை. ‘தாய்க்குப்பின் தாரம்’ (1956), ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) போன்ற படங்களில் அவர் கம்பு சுழற்றியதைக் கண்டு கலை பயிலச் சென்றோர் மலாயாவிலும் இருந்தனர். எனினும் அங்குக் கலை நாயகனின் அணிகலனாகவே நின்றது. ‘ஏழாம் அறிவு’ (2011) போதிதருமரைக் காஞ்சியோடு இணைத்துத் தொன்மைப் பெருமை பேசியது. ‘பரதேசி’ (2013) தேயிலைத் தோட்டக் கூலிகளின் துயரைக் காட்டியது. அங்கே எதிர்க்கும் கை இல்லை. ‘கபாலி’ (2016) மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைத் தொட்டு விரைவில் துப்பாக்கிக் கும்பல்களிடம் சென்றது. தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்தை உள்ளிருந்து காட்டிய மலேசியத் தமிழ்ப் படமான ‘ஜகாட்’ (2015) இவற்றுள் நமக்கு மிக நெருங்கியது. ஆனால் அது கலைபற்றிய படமன்று. பரம்பரை, ஆசான், வறுமை, மானம் ஆகிய நான்கையும் ஒரு களத்தில் இணைத்த ‘சார்பட்டா பரம்பரை’ (2021) மட்டுமே வோங் ஃபெய் ஹுங் முதற்படத்தின் அருகில் வைத்துப் பேசத்தக்கது. அதன் கலையும் வடசென்னையின் குத்துச்சண்டையே.

தோட்டத்து லயங்களில் மாலை வேளையில் கம்பு சுழற்றக் கற்பித்து, அடிபட்டவர்க்கு எண்ணெயிட்டு நீவிவிட்ட ஆசான்கள் நம்மிடையே வாழ்ந்தனர். பகலில் பால்மரம் சீவிய கைகள் அவை. அவர்களுள் வோங் போன்றோரும் யிம் போன்றோரும் இருந்திருப்பர். அவர்களின் கதை இன்னும் படமாகவில்லை, பெரும்பாலும் எழுதப்படவுமில்லை.

முடிவுரை

எனவே முதல், இரண்டு, மூன்று, ஆறு, ஐந்து, நான்கு என்பதே நாம் வகுத்த வரிசை. சண்டைத் திறத்தை அளவுகோலாகக் கொள்வோர் முதலிரண்டையும் இடம்மாற்றலாம், அதில் பிணக்கில்லை. ஆனால் ஒரு கலை எவரை மீட்டது, எவரை மீட்க இயலாது போயிற்று, புண்பட்டோரிடம் எவ்வாறு நடந்துகொண்டது என்னும் வினாக்களை ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வார்களாயின் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறும்.

வகுப்பின் இறுதியில் மாணவி ஒருவர், தம் கொள்ளுத்தாத்தாவும் சிலம்ப வாத்தியார் என வீட்டில் கேள்விப்பட்டதாகவும் அவர் பெயர் தமக்குத் தெரியாது எனவும் கூறினார். அடுத்த வகுப்புக்குள் வீட்டில் கேட்டு வருமாறு சொன்னோம். அவர் பெயரோடு வந்தார். புறப்பொருள் பாடத்தை அன்று அப்பெயரைக் கரும்பலகையில் எழுதியே தொடங்கினோம்.